கற்பனை உலகத்திலும் ஊர், சேரி

மேசை ஆட்டங்களின் உலகநூல்களை முன்வைத்து

இல்லாத உலகம் ஒன்றை எழுத உட்காருகிறவனுக்கு எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. வானத்தில் இரண்டு சூரியன் வைக்கலாம். மலையைப் பறக்கவிடலாம். செத்தவனை எழுப்பலாம். எல்லாவற்றையும் மாற்றத் தெரிந்த அந்தக் கை, பிறப்பை வைத்து மனுசனைத் தரம் பிரிக்கிற பழக்கத்தை மட்டும் ஏன் பத்திரமாக எடுத்துக்கொண்டு போகிறது? ‘ரோல்-பிளேயிங் கேம்’ எனப்படும் பாத்திரமேற்று ஆடும் ஆட்டங்களுக்காக எழுதப்பட்ட உலகநூல்களை வாசிக்கும்போது எழும் முதல் கேள்வி இது.

இதெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு, நமக்கு எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். இன்று சென்னையிலும் பெங்களூரிலும் கல்லூரி மாணவர்கள் இவற்றை ஆடுகிறார்கள். கணினி விளையாட்டுகளும் தொடர்களும் இந்த நூல்களிலிருந்துதான் தங்கள் உலகங்களைக் கடன் வாங்குகின்றன. கற்பனை ஒன்றும் அதிகாரம் நுழையாத வெட்டவெளி இல்லை. அங்கே யார் மனுசன், யார் அரக்கன் என்று யாரோ ஒருவர் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்.

1. ஆட்டமும் நூலும்

ஆட்டம் எளிமையானது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். கூத்தில் கட்டியங்காரன் செய்கிற வேலையோடு நடுவர் வேலையும் சேர்ந்தது அவருடையது. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, ‘நான் இதைச் செய்கிறேன்’ என்று சொல்கிறார்கள். பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974இல் வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’தான் அச்சில் வந்த முதல் ஆட்டம். அதை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனத்தை 1997இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. அதை 1999இல் ஹாஸ்ப்ரோ என்ற பெரிய பொம்மைக் கம்பெனி வாங்கியது.

விதிநூல் ஆட்டம் எப்படி நடக்கும் என்று சொல்கிறது. உலகநூல் ஆட்டம் எங்கே நடக்கும் என்று சொல்கிறது. நாடுகள், அரசர்கள், கோயில்கள், இனங்கள், வரைபடம், ஆயிரம் வருச வரலாறு எல்லாம் அதில் இருக்கும். நாவலில் கதை முடிந்துபோனது. உலகநூலில் கதை இனிமேல்தான் நடக்க வேண்டும். ஆகவே அதை மதிப்பிட நாவலுக்கான அளவுகோல் உதவாது. இந்த உலகத்தில் யாரால் என்ன செய்ய முடியும், யாரால் முடியாது, யாருக்குப் பெயர் இருக்கிறது, யாருக்கு வெறும் எண்ணிக்கை மட்டும் என்று பார்க்க வேண்டும்.

இந்த வடிவத்துக்கு ஒரு பெரிய பலம் உண்டு, அதை மறுக்க வேண்டியதில்லை. சமூகம் என்பது ஏதோ இயற்கையாக முளைத்தது அல்ல, உறுப்பு உறுப்பாகக் கட்டப்பட்டது என்பதை உலகநூல் தன்னையறியாமல் காட்டிக்கொடுத்துவிடுகிறது. வரி யாருக்குப் போகிறது, கோயில் நிலம் யாருடையது, வாள் என்ன விலை என்று எழுத எழுத, அதிகாரத்தின் எலும்புக்கூடு வெளியே வந்துவிடும்.

‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 2014 விதிநூலில் ஒரு விலைப்பட்டியல் இருக்கிறது. பயிற்சியில்லாத கூலியாளுக்கு ஒரு நாள் கூலி 2 வெள்ளிக்காசு. ஏழையாக ஒரு நாள் பிழைக்க ஆகும் செலவும் அதே 2 வெள்ளிக்காசு. நீளவாள் 15 பொற்காசு, அதாவது 150 வெள்ளிக்காசு. முழு உடல் இரும்புக் கவசம் 1500 பொற்காசு. கணக்குப் போடுங்கள். ஒரு வாள் 75 நாள் கூலி. கவசம் 7500 நாள் கூலி, இருபது வருசத்துக்கும் மேல். கூலியில் ஒரு காசும் மிஞ்சாத ஒருவன் இந்த உலகத்தில் எந்தக் காலத்திலும் வீரனாக முடியாது. அந்தப் பக்கத்தை எழுதியவர் இதை நினைத்து எழுதினாரா என்பது வேறு விசயம். நமக்கு அங்கே ஒரு பண்ணை தெரிகிறது. ஆனால் சாகசம் அந்தக் கூலியாளின் குடிசையில் தொடங்குவதில்லை. சத்திரத்தில் தொடங்கி அரண்மனையில் முடிகிறது.

2. கெஜட்டியர் என்னும் பார்வை

உலகநூல்களின் பொது வடிவம் எங்கிருந்து வந்தது? 1987இல் டிஎஸ்ஆர் தொடங்கிய ஒரு நூல்வரிசையின் பெயரே ‘கெஜட்டியர்’. பெயரே உண்மையைச் சொல்லிவிடுகிறது. காலனிய அதிகாரி மாவட்டம் மாவட்டமாகப் போய் மண், மழை, விளைச்சல், சாதி, குணம் என்று பதிந்து வைத்தானே, அதே கட்டமைப்பு. எட்கர் தர்ஸ்டன் ரங்காச்சாரியோடு சேர்ந்து 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலை எடுத்து, ஏதாவது ஓர் உலகநூலில் இனங்கள் பற்றிய அத்தியாயத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உடல் இப்படி, உடை இப்படி, சாமி இது, புத்தி இவ்வளவு. தர்ஸ்டன் மூக்கை அளந்தார். ஆட்டநூல் அறிவை அளக்கிறது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் பாதி-ஓர்க் பாத்திரத்துக்கு வலிமையில் 2 கூடுதல், அறிவில் 2 குறைவு, ஆளுமையில் 2 குறைவு. பிறந்தாலே குறைவு. படித்து என்ன பண்ணுவது?

அளப்பதோடு நிற்பதில்லை. ஒரு முழு இனமே பிறவியில் தீயது என்று எழுதிவிட்டால், அதைக் கொல்வது கொலை ஆகாது. கொன்றால் அனுபவப் புள்ளி வேறு கிடைக்கும். பிரிட்டிஷ் அரசு 1871இல் கொண்டுவந்து, பின்னர் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிய குற்றப்பரம்பரைச் சட்டத்தின் அடிப்படை இதுதான்: குற்றம் செய்ததால் குற்றவாளி அல்ல, அந்தக் குடியில் பிறந்ததால் குற்றவாளி. கைரேகை வைக்க ராத்திரியில் காவல் நிலையத்துக்கு நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள், ‘பிறவியிலேயே தீயவை’ என்ற வரியை விளையாட்டு என்று சும்மா கடந்துபோக முடியாது.

அதே கெஜட்டியர் வரிசையில் 1988இல் வந்த ‘ஓர்க்ஸ் ஆஃப் தார்’ இதன் உச்சம். ஓர்க் கூட்டங்களை நிறம் பிரித்து, சிவப்பு ஓர்க்குகளை அமெரிக்கப் பூர்வகுடிகளின் கேலிச்சித்திரமாகவும், மஞ்சள் ஓர்க்குகளை மங்கோலியர்களின் கேலிச்சித்திரமாகவும் எழுதியது. நகைச்சுவையாம். யார் சிரிக்க, யாரைப் பார்த்து?

நம் பக்கத்து ஆள் ஒருவரும் உள்ளே மாட்டியிருக்கிறார். ராட்சசன். 1975இலேயே டிஎஸ்ஆரின் பத்திரிகையில் நுழைந்து, 1977 அரக்கர் நூலில் புலித்தலையும் புறங்கை திரும்பிய கையுமாய் நிலைபெற்றுவிட்டார். குணம்: சட்டம் பேணும் தீமை. ஆசீர்வதிக்கப்பட்ட அம்பு பட்டால் உடனே சாவு. 2014 பதிப்பில் அம்பு போய், ‘நல்லவர்’ கையிலிருக்கும் மந்திர ஆயுதம் குத்தினால் இரட்டிப்பு வலி என்று மாறியது. அசுரர், ராட்சசர் என்ற சொற்களுக்குள் தோற்கடிக்கப்பட்ட மக்களைத் தேடிய வாசிப்பு நம்மிடம் நூறு வருசமாக இருக்கிறது. அமெரிக்காவின் லேக் ஜெனீவாவில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு அது தெரிய வேண்டிய அவசியம் இல்லை. புராணத்தை யார் எழுதினார்களோ அவர்கள் பக்கமே கதை அங்கேயும் போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஏற்றுமதியாகிறபோது புராணம் தன் எதிர்வாசிப்பை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறது.

3. தேகுமேல்: ஆழமும் அடியும்

உலகநூல்களின் முன்னோடி என்று பலரும் கொண்டாடியது எம்.ஏ.ஆர். பார்க்கர் எழுதி 1975இல் வந்த ‘எம்பயர் ஆஃப் தி பெடல் த்ரோன்’. அதன் உலகத்துக்குப் பெயர் தேகுமேல். பார்க்கர் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருது, தெற்காசிய ஆய்வுத் துறைப் பேராசிரியர். அமெரிக்கப் பூர்வகுடி மொழியான கிளாமத்துக்கு இலக்கணம் எழுதியவர். ஐரோப்பியக் குதிரைவீரன், கோட்டை, தேவதை எதுவும் இல்லாமல், இந்தியா, எகிப்து, மாயா, அஸ்டெக் சாயைகளோடு ஓர் உலகத்தையும் அதற்கு இலக்கணத்தோடு மொழிகளையும் உருவாக்கினார். ஐம்பது வருசம் கழித்தும் அந்த அடர்த்தி ஆச்சரியப்படுத்துகிறது. இரும்பு அரிது. ஆகவே ஆயுதமும் கவசமும் ‘ச்லென்’ என்ற விலங்கின் தோலைப் பதப்படுத்திச் செய்கிறார்கள். ஒரு பொருள் இல்லாமல் போனால் ஒரு நாகரிகமே எப்படி மாறும் என்று யோசித்து எழுதியிருக்கிறார். நல்ல உலகநூலின் இலக்கணம் இது.

அந்தச் சமூகம் குலங்களால் ஆனது. குலங்களுக்கு உயர்வு, தாழ்வு உண்டு. தொழில், திருமணம், மரியாதை எல்லாம் அதன் வழியே. அறம் என்பதற்குப் பொதுவான அளவு கிடையாது. அவரவர் நிலைக்குத் தக்கபடி நடப்பதே மேன்மை. கீதை கேட்டு வளர்ந்த ஊரில் இருக்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆட்டக்காரர்கள் ஜகால்லா துறைமுகத்தில் சின்னப் படகில் வந்திறங்கும் அந்நியக் காட்டுமிராண்டிகளாகத் தொடங்குகிறார்கள். குலம் இல்லை. வெளியார் குடியிருப்பைத் தாண்டி ஊருக்குள் முறை தெரியாமல் நடந்தால் கழுமரம். தெரு நுழைவு மறுக்கப்பட்டவனின் உடம்பில் ஆட்டக்காரனை உட்காரவைத்த நூல் அந்தக் காலத்தில் வேறு எது? இது பெரிய விசயம். ஆனால் அந்தத் தொடக்கம் எங்கே போகிறது? விசுவாசமாய் உழைத்து, ஒரு குலத்தில் இடம் பிடித்து, மேலே ஏறுவதற்கு. படிக்கட்டை உடைக்க அங்கே விதி இல்லை, ஏறுவதற்குத்தான் விதி இருக்கிறது. உலகமே தோலால் போர் செய்கிறது. ஆட்டமோ தோல் பதனிடுகிறவன் வீட்டில் தொடங்கவில்லை.

இன்னொன்று. தேகுமேலின் ஆதிக்குடிகள் ஸ்ஸூ, ஹ்லூஸ் என்ற இரண்டு இனங்கள். மனிதர்கள் விண்வெளியிலிருந்து வந்து அந்தக் கோளைத் தமக்கேற்ப மாற்றி, அவர்களை ஒதுக்கிடங்களில் அடைத்தார்கள் என்று நூலே சொல்கிறது. சொல்லிவிட்டு, அவர்களை மனித குலத்தின் தீராத பகைவர் பட்டியலில் வைக்கிறது. நிலம் பறிக்கப்பட்ட வரலாறு தெரிந்தே இருக்கிறது, அந்தத் தெரிதல் யார் பக்கம் நிற்பது என்பதைக் கொஞ்சமும் மாற்றவில்லை.

பார்க்கர் 2012இல் இறந்தார். 1991இல் புனைபெயரில் வெளியான ‘சர்ப்பன்ட்ஸ் வாக்’ என்ற நவ-நாஜி நாவலை எழுதியது அவர்தான் என்றும், யூதப் படுகொலையை மறுக்கும் இதழ் ஒன்றின் ஆலோசனைக் குழுவில் இருந்தார் என்றும் தேகுமேல் அறக்கட்டளையே 2022 மார்ச்சில் ஒப்புக்கொண்டது. ரசிகர்கள் நிலைகுலைந்தார்கள். ‘ஆசிரியன் இறந்துவிட்டான்’ என்று நம் சிறுபத்திரிகைகள் ஒரு காலத்தில் கொண்டாடின. இங்கே ஆசிரியன் செத்துப் பத்து வருசம் கழித்து எழுந்து வந்தான். என் நிலைப்பாடு இது: ஆசிரியனின் நாஜித்தனத்தை இழுத்து வந்து பிரதியின் ஒவ்வொரு வரியிலும் ஒட்ட வேண்டாம். அதே சமயம், பிரதியிலேயே கண்ணெதிரே இருந்ததை ஏன் நாற்பத்தைந்து வருசம் யாரும் கேட்கவில்லை என்று கேட்போம். பிறப்பால் வகுக்கப்பட்ட ஓர் ஒழுங்கு, அழகாக, முரணில்லாமல், இலக்கணத்தோடு இருந்தால் போதும், வாசகர்கள் அதில் மயங்கிவிடுகிறார்கள். ‘முழுமையான உலகம்’ என்ற பாராட்டுக்குள் இந்த மயக்கமும் இருக்கிறது.

4. ரோகுகான்: பிணத்தைத் தொடுகிறவன்

நமக்கு மிகவும் நெருக்கமான நூல் 1997இல் வந்த ‘லெஜண்ட் ஆஃப் தி ஃபைவ் ரிங்ஸ்’. ஜப்பானை முதன்மையாக வைத்துக் கட்டிய ரோகுகான் என்ற பேரரசு அதன் களம். ஏழு பெருங்குலச் சாமுராய்கள். அவர்களுக்குக் கீழே உழவர், கைவினைஞர், வணிகர். எல்லோருக்கும் கீழே ‘ஹினின்’, மனிதர் அல்லாதார். அதிலும் ‘எத்தா’ என்பவர்கள் பிணம் எடுக்கிறார்கள், தோல் உரிக்கிறார்கள், தண்டனை நிறைவேற்றுகிறார்கள். சாமுராய் பிணத்தைத் தொட்டால் தீட்டு.

இது கற்பனைச் சொல் இல்லை. ‘எத்தா’ என்பது ஜப்பானின் புராக்கு மக்களை இழிவுபடுத்தும் வசைச்சொல். 1871இல் அரசாணையால் நீக்கப்பட்ட பெயர். அந்த மக்கள் 1922 மார்ச் 3இல் கியோட்டோவில் கூடிச் சமன்செய்வோர் சங்கமான சுய்ஹெய்ஷாவைத் தொடங்கினார்கள். 1975இல் அம்பலமான ‘புராக்கு சிமெய் சோக்கான்’ நூல் பற்றியும் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். புராக்கு குடியிருப்புகளின் ஊர்ப்பெயர்ப் பட்டியல் அது. கம்பெனிகள் ரகசியமாக வாங்கி வைத்துக்கொண்டு, வேலை கேட்டு வருகிறவனின் ஊரைப் பார்த்து ஒதுக்கின. அதுவும் ஒரு கெஜட்டியர்தான். ஊர்ப்பெயர்ப் பட்டியல் ஒருவனின் சோற்றைப் பறிக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி? 2001இல் டர்பன் இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் தலித்துகளும் புராக்கு மக்களும் ஒரே குரலாக நின்றது இந்த ஒற்றுமையால்தான்.

ரோகுகான் வரலாற்றிலிருந்து ‘எத்தா’வை எடுத்துக்கொண்டது, சுய்ஹெய்ஷாவை எடுக்கவில்லை. தீட்டை எடுத்தது, தீட்டை எதிர்த்தவனை எடுக்கவில்லை. ஆயிரம் வருச வரலாறு உள்ள பேரரசில் சாமுராய்களின் சூழ்ச்சி ஆயிரம் நடக்கும். ஒடுக்கப்பட்டவர் மட்டும் ஆயிரம் வருசமும் அதே இடத்தில் குனிந்து நிற்பார்கள். கற்பனை, உண்மையான வரலாற்றைவிட இறுகிக் கிடக்கிறது.

இந்த நூலை நான் தூக்கியெறியச் சொல்லவில்லை. பலவற்றை மழுப்பாமல் சொல்கிறது. அதன் நீதிமுறையில் தடயத்தைவிட வாக்குமூலம் பெரிது. அதிலும் அந்தஸ்து கூடியவனின் வாக்குமூலம் குறைந்தவனுடையதை வெட்டிவிடும். மரியாதை, புகழ், அந்தஸ்து எல்லாவற்றுக்கும் பாத்திரத்தாளில் எண் உண்டு. 1968 டிசம்பர் 25இல் வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட வழக்கில், கார் வைத்திருக்கிற பெரிய மிராசுதார்கள் தாங்களே நடந்துவந்து தீ வைத்திருப்பார்களா என்று ஐயப்பட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பை அறிந்தவர்களுக்கு, இந்த விதி புனைவாகவே தோன்றாது. நாம் வெறும் ஒழுக்கம் என்று பேசுவதை ஆட்டம் எண்ணாக்கிக் காட்டுகிறது. சாதி ஒரு கணக்கு முறை என்று புரியவைக்க இதைவிடச் சுருக்கமான கருவி இல்லை.

விடுதி மாணவர்கள் சிலரோடு இந்த நூல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி கேட்டான்: “தோழர், ஒரு கொல நடக்குது. சாமுராய் பொணத்தத் தொடமாட்டான். அப்ப காயம் எங்க இருக்கு, வெஷமா கத்தியான்னு யாருக்குத் தெரியும்? தூக்குனவனுக்குத்தான தெரியும்? கதையே அவங்கிட்ட இருக்கு. அவன விட்டுட்டு வாள் வச்சிருக்கவன எதுக்கு ஆடணும்?” விமர்சனம் என்றால் இது. வெட்டியான் அறிந்ததை ஊர் அறியாது. ரோகுகானில் அறிவு கீழே இருக்கிறது, பேசும் உரிமை மேலே இருக்கிறது. இந்த முரணை நூலே படைத்திருக்கிறது. ஆனால் அடிப்படை நூல் ஆட்டக்காரர் கையில் சாமுராயைக் கொடுத்துவிட்டு, அந்த முரணைத் திறக்காமல் மூடிவிடுகிறது. பலமும் பலவீனமும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

5. எபரான்: பிறவிக்குறியும் கலப்பும்

கீத் பேக்கர் எழுதிய எபரான் 2004இல் வந்தது. பழைய குற்றங்கள் பலவற்றை அது நேராக்கியது. இனத்தை வைத்து நல்லவன், கெட்டவன் என்று தீர்மானிக்கக் கூடாது என்றது. ஓர்க்குகள் உலகத்தைக் காத்த தவசிகளின் வழிவந்தவர்கள். காப்ளின் இனம் ஒரு காலத்தில் பேரரசு ஆண்டது. இன்றைய மனித நகரங்கள் அதன் இடிபாட்டின் மேல் நிற்கின்றன. போருக்காகச் செய்யப்பட்ட ‘வார்ஃபோர்ஜ்டு’ என்ற உயிருள்ள எந்திரர்கள் ஒப்பந்தத்தால் விடுதலை பெற்றும் நல்ல வேலை கிடைக்காமல் அலைகிறார்கள். சட்டம் விடுவித்தாலும் சமூகம் விடுவதில்லை என்பதை எழுதத் தெரிந்த நூல்.

இதன் நடுவே பதின்மூன்று வணிகக் குடும்பங்கள். அவர்கள் உடம்பில் பரம்பரையாக ஒரு குறி தோன்றும். வைத்தியம் ஒரு குடும்பத்துக்கு, போக்குவரத்து ஒரு குடும்பத்துக்கு, எழுத்தும் செய்தியும் ஒரு குடும்பத்துக்கு. பிறப்பால் தொழில், தொழிலால் ஏகபோகம். இரண்டு குடும்பத்து ரத்தம் கலந்தால் ‘பிறழ்ந்த குறி’ உள்ள குழந்தை பிறக்கலாம். அப்படிப் பிறந்தவர்களை ஒரு காலத்தில் வேட்டையாடிக் கொன்றார்கள். இன்றும் அவர்கள் அருவருப்புக்கு உரியவர்கள். கலப்பில் பிறந்தவனைச் சண்டாளன் என்ற மனு நினைவுக்கு வராமல் இதைப் படிக்க முடியுமா? சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்று அம்பேத்கர் 1916இல் கொலம்பியாவில் வைத்த வாதத்துக்கு, இந்த நூல் தெரியாமலே ஓர் உதாரணம் எழுதியிருக்கிறது. மேலும், பிறழ்ந்த குறியுள்ளவனை ஆட்டக்காரரே ஆடலாம். காதல் திருமணத்துக்காகத் தண்டவாளத்தில் கிடத்தப்பட்டவர்களின் மாநிலத்தில் இந்தப் பாத்திரத்தை ஒருவர் எடுத்தால், பகடை விழும் சத்தமே வேறு மாதிரி இருக்கும்.

குறை என்னவென்றால், நூல் குறியின் மந்திரசக்தியை உண்மை என்றே வைத்துவிடுகிறது. இங்கே சாதித்திறமை என்பது கட்டுக்கதை. அங்கே அது பௌதிக உண்மை. ஏகபோகத்துக்கு ரத்தத்திலேயே நியாயம் கிடைத்துவிடுகிறது. அப்புறம் எப்படி அதைப் பொய் என்று உடைப்பது?

6. யார் விடுவிக்கிறார்கள்?

1991இல் வந்த ‘டார்க் சன்’ பாலைவன உலகம். மந்திரவாதி அரசர்கள் நிலத்தின் உயிரை உறிஞ்சியதால் வறண்ட உலகம் என்ற கற்பனை இன்றும் கூர்மையாக இருக்கிறது. ‘ஃப்ரீடம்’ என்ற சாகசநூலில் ஆட்டக்காரர்கள் டைர் நகரத்து அடிமைகளாகி அரசனுக்குக் கோபுரம் கட்டுகிறார்கள். கடைசியில் அரசன் வீழ்கிறான். ஆனால் அவனை வீழ்த்துகிறவர்கள் அதே உலகத்தின் நாவல் நாயகர்கள். ஆட்டக்காரர்கள் கூட்டத்தில் நின்று பார்க்கிறார்கள். விடுதலை என்று பெயர் வைத்துவிட்டு, விடுதலைச் செயலை நூலே கையகப்படுத்திக்கொள்கிறது.

2022 ஆகஸ்டில் வந்த ‘ஸ்பெல்ஜாமர்’ அதைவிட மோசம். ஹடோஸீ என்ற குரங்கினம். ஒரு மந்திரவாதி அவர்களைப் பிடித்து, மருந்து கொடுத்து அறிவு வரச்செய்து, அடிமைகளாக விற்கத் திட்டமிடுகிறான். அவனுடைய சீடர்கள் இரக்கப்பட்டு உதவியதால் தப்பிக்கிறார்கள். குரங்கு, அடிமை, எசமானின் இரக்கம். கறுப்பின வாசகர்கள் கொதித்ததில் என்ன வியப்பு? செப்டம்பரில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அந்தப் பகுதியை நீக்கியது. அறிவையும் எசமான்தான் கொடுத்தான், விடுதலையையும் எசமானின் வீட்டுப் பிள்ளைகள்தான் கொடுத்தார்கள் என்ற இந்தக் கதையாடல் நமக்குப் புதிதா? அரிசன சேவையின் கதையும் இதே அச்சில் வார்த்ததுதான்.

7. சொல்லை மாற்றினால் போதுமா?

2020க்குப் பின் திருத்தங்கள் வரிசையாக வந்தன. இனத்துக்கு ஒட்டிய மதிப்பெண்ணைத் தளர்த்தினார்கள். பழைய நூல்களின் மின்பதிப்புகளோடு எச்சரிக்கைக் குறிப்பு சேர்த்தார்கள். ‘ரேஸ்’ என்ற சொல்லை விட்டு ‘ஸ்பீஷீஸ்’ என்பதற்கு மாறப்போவதாக 2022 டிசம்பரில் அறிவித்தார்கள். இவை தானாக வந்த கருணை இல்லை. ஆடுகிறவர்கள் கேட்டதால் வந்தவை. வரவேற்கிறோம்.

ஆனால் 2024 விதிநூலைத் திறந்து பாருங்கள். கூடுதல் மதிப்பெண் பிறப்பிலிருந்து நகர்ந்து, பாத்திரத்தின் முந்தைய வாழ்க்கைப் பின்னணிக்கு வந்திருக்கிறது. உழவன் என்றால் வலிமை, உடலுறுதி, விவேகம் மூன்றில்தான் கூட்டலாம். பிரபு என்றால் வலிமை, அறிவு, ஆளுமை. உழவனுக்கு அறிவுக் கூடுதல் கிடையாது. பிறப்பைத் தள்ளிவிட்டுத் தொழிலைப் பிடித்துக்கொண்டார்கள். 1953இன் குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்த மண்ணில் நின்று சொல்கிறேன்: ஏர் பிடிப்பதற்கு அறிவு வேண்டாம் என்று நினைப்பவன் ஒரு நாளும் மடை திறந்ததில்லை. கதைநடத்துநர் விரும்பினால் புதிய பின்னணி உருவாக்கலாம் என்கிறார்கள். விதிவிலக்கு இருக்கிறது என்பது விதிக்குச் சமாதானம் ஆகாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. திட்டு வாங்காமல் இருக்க, ஒடுக்குமுறையையே உலகத்திலிருந்து துடைத்துவிடுகிற போக்கு. எல்லோரும் வண்ண வண்ணமாக, எல்லோரும் சந்தோசமாக. சேரியை இடித்துவிட்டுப் பூங்கா வைத்தால் சாதி போய்விட்டது என்று பொருளா? ஒடுக்கப்பட்டவரை இழிவாக எழுதாதே என்றால், எழுதவே எழுதாதே என்று புரிந்துகொள்கிறார்கள். ‘எத்தா’ என்ற வசைச்சொல் போகட்டும். பிணம் தூக்குகிறவன் போகக் கூடாது. அவன் பெயரோடு, வீட்டோடு, கோபத்தோடு வர வேண்டும்.

8. நம்மவர்கள் எழுதும்போது

கிறிஸ் ஸ்பைவி 2017இல் எழுதிய ‘ஹார்லெம் அன்பவுண்ட்’ ஒரு நல்ல பதில். லவ்கிராஃப்டின் திகில் உலகத்தை, அவருடைய இனவெறியை மறைக்காமல், 1920களின் ஹார்லெமில் வைத்துக் கறுப்பின மக்களின் கண்வழியாகத் திருப்பி எழுதினார். இனப்பகை ஒரு வருணனையாக நிற்காமல் பகடையைப் பாதிக்கும் விதியாகவே வருகிறது. கறுப்பினப் பாத்திரம் வெள்ளைக் கடைக்காரனிடம் பேசும்போது, அந்தப் பாரம் ஆடுகிறவன் கையில் தெரியும். அதோடு கவிதை, இசை, அறிவு என்று ஒரு மக்களின் எழுச்சியும் பக்கம் பக்கமாக இருக்கிறது. அடி மட்டும் இல்லை, அடி வாங்கியவனின் ஆட்டமும் இருக்கிறது.

செரோக்கி தேசத்தவரான கானர் அலெக்சாண்டர் முன்னின்று உருவாக்கிய ‘கயோட்டி அண்ட் க்ரோ’ 2022இல் வந்தது. ஐரோப்பியர் வராத அமெரிக்கா அதன் களம். மையநகரம் கஹோக்கியா. பூர்வகுடிகள் ‘அழிந்துபோனவர்கள்’ என்ற இறந்தகாலத்தை அது எதிர்காலமாக்குகிறது. வெள்ளையன் வராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்ற கனவு அரசியல் கனவுதான். ஆனால் எதிரியை வரவிடாமல் செய்த உலகத்தில், எதிரியை எதிர்த்த நினைவுக்கு எங்கே இடம் என்ற கேள்வியும் மிச்சம் இருக்கிறது.

பெரிய நிறுவனத்துக்குள்ளும் ஒரு கதவு திறந்தது. 2021 ரேவன்லாஃப்ட் நூலில் காலகேரி என்ற இந்தியச் சாயல் நாட்டை அஜித் ஜார்ஜ் எழுதினார். அவருடைய தந்தை ஆபிரகாம் ஜார்ஜ் தொடங்கியதுதான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், மிக ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளுக்காக நடக்கும் சாந்தி பவன் பள்ளி. அஜித் ஜார்ஜும் வெஸ்லி ஷ்னைடரும் முன்னின்று நடத்திய ‘ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டடெல்’ 2022இல் வந்தது. பதின்மூன்று சாகசங்கள், எல்லாம் வெள்ளையரல்லாத எழுத்தாளர்கள் எழுதியவை. அதில் சங்கபூமி என்ற ஆற்றுநாட்டை எழுதியவர் மிமி மண்டல். வங்காளத் தலித் எழுத்தாளர், ஆக்டேவியா பட்லர் பற்றிய தொகுப்புக்காக ஹியூகோ விருதின் இறுதிப்பட்டியலுக்குப் போனவர். ராட்சசன் மட்டும் போய்ச் சேர்ந்த இடத்துக்கு நாற்பத்தேழு வருசம் கழித்து ஒரு தலித் பெண் எழுத்தாளராகப் போயிருக்கிறார். இதைச் சின்ன விசயம் என்று சொல்லமாட்டேன்.

குறை எழுதியவர்களுடையது அல்ல, வடிவத்துடையது. வாட்டர்டீப் நகரத்துக்குப் பெட்டி பெட்டியாக நூல்கள் உண்டு. சங்கபூமிக்கும் மற்ற நாடுகளுக்கும் சாகசத்தின் வாலில் ஓரிரு பக்கம். அந்த இடத்துக்குள் திருவிழா, சாப்பாடு, ஆறு வந்துவிடும். நிலவுடைமையும் படிநிலையும் வர இடம் பத்தாது. பண்பாட்டுக்கு இடம் கொடுத்து, அரசியலுக்கு இடம் கொடுக்காத பன்மைத்துவம் நமக்குப் பழக்கமானதுதான். குடியரசு நாள் அணிவகுப்பு வண்டிகளில் வருசா வருசம் பார்க்கிறோம்.

9. நாம் கேட்க வேண்டியது

ஆகவே ஓர் உலகநூல் கையில் கிடைத்தால் சில கேள்விகளோடு திறக்க வேண்டும். இந்த உலகத்தில் செத்த மாட்டை யார் எடுக்கிறார்கள்? அவர்கள் வீடு வரைபடத்தில் இருக்கிறதா? அவர்களுக்குப் பெயர் உண்டா, அல்லது ‘கும்பல், 2 முதல் 12 பேர்’ என்ற எண்ணிக்கை மட்டுமா? அவர்களை ஆட முடியுமா? ஆடினால், ஏறுவதற்கு மட்டும் விதி இருக்கிறதா, கவிழ்ப்பதற்கும் இருக்கிறதா? விடுதலை வந்தால் யார் கையால் வருகிறது?

இந்தக் கேள்விகளுக்கு முழுசாகத் தேறுகிற நூல் எதுவும் நான் மேலே சொன்னவற்றில் இல்லை. எபரான் பாதிவழி வருகிறது. ஹார்லெம் நெருங்கி வருகிறது. ரோகுகான் கதவுவரை வந்து, தீட்டுக்குப் பயந்து வாசலில் நின்றுவிடுகிறது.

மிச்சத்தை எழுத வேண்டியது நாம். அதற்கு வண்ண அட்டையும் ஐந்நூறு பக்கமும் தேவையில்லை. நாற்பது பக்கம் போதும். ஓர் ஊர், ஒரு சேரி, நடுவில் ஒரு குளம், தண்ணீர் யாருக்கு என்ற தகராறு, பறை அடிக்கமாட்டோம் என்று ஒரு வீடு எடுத்த முடிவு. யாருக்கு என்ன தெரியும், யார் யாருக்குக் கடன், காவல் நிலையம் எத்தனை மைல், எந்த வாத்தியார் நம்ம பக்கம் என்று எழுதி வைத்தால் உலகநூல் ஆகிவிட்டது. கதையின் முடிவை எழுதக் கூடாது, அது மேசையில் உட்காருகிறவர்கள் பாடு. வாழ்ந்தவர்கள் சாட்சியம் சொல்லி நம் இலக்கியம் வளர்ந்தது. அந்தச் சாட்சியத்துக்குள் இன்னொருவரை உட்காரவைத்து, ‘இப்ப நீ என்ன பண்ணுவ?’ என்று கேட்கிற வடிவம் இது. ஆதிக்கசாதி வீட்டுப் பிள்ளையும் அந்த மேசைக்கு வரட்டும். குளத்தங்கரையில் அவன் குடத்தோடு நிற்கட்டும். பகடையை உருட்டட்டும்.